முடுக்குக் கதவு

ஜனவரி 2, வியாழன்

பிஸ்மி சொல்லிப் புது நோட்டு தொடங்குகிறேன்.

லுஹர் தொழுகை முடிந்ததும் கொத்தனார் பேச்சிமுத்து வந்தார். சுவர் சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நான் அறைக்குள் நின்றுகொண்டு, கதவு இடுக்கு வழியாகவே பேசினேன். “யம்மா, சுவரு கல்லு மாதிரி இருக்கு. மேல்பூச்சுதான் செத்துப் போச்சு” என்றார். எண்பது வருடத்துச் சுண்ணாம்புச் சுவர். உம்மா என்னிடம் கொடுத்த வீடு. நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். பிப்ரவரி இருபத்து மூன்றில் என் மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வருவார். அதற்குள் வீடு எழுந்து நிற்க வேண்டும்.

நானே நாடா பிடித்து அளந்தவை: கூடம் பதினெட்டுக்குப் பதினொன்று. மணப்பெண் அறை பத்துக்கு ஒன்பதரை. சாமான் அறை எட்டுக்கு ஆறு. பின்முற்றம், கிணறு நீங்கலாக, இருபதுக்குப் பதினான்கு. அங்கே மருதாணி ஒன்று, முருங்கை ஒன்று, பிச்சிக்கொடி ஒன்று, பின்கதவு ஒன்று.

ஜனவரி 4, சனி

வேலை முழுவதும் கொழுந்தன் சதக்கின் பொறுப்பில். கான்ட்ராக்டர். என் வீட்டுக்காரர் ஹாங்காங்கில் இருக்கிறார்கள். அவங்க அங்கிருந்து போனிலேயே தம்பியிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். சதக்கு இன்று பெரிய தாளைக் கூடத்தில் விரித்தார்.

“மதினி, மாப்பிள்ளை வீட்டுல ரூமோட சேர்ந்த பாத்ரூம் கேக்குறாங்க. அறையில இடமில்ல. அதனால பின்கதவ எடுத்துடுறோம். முடுக்கு நாலடி இருக்கு. ரெண்டடி நமக்கு, முற்றத்து ஓரத்தோட சேர்த்துக் கட்டிடலாம். மிச்ச ரெண்டடி எதிர் வீட்டுக்கு. அவங்களுக்கும் லாபம்தானே.”

முடுக்கு என்பது பெண்களின் பாதை. வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடும் சந்து. பெரிய தெருவில் ஆண்கள் நடமாட்டம் என்பதால் பதினொரு வீட்டுப் பெண்களும் பின்கதவைத் திறந்து இதன் வழியாகத்தான் ஓதவும் தொழவும் தைக்காவுக்குப் போவார்கள், குழம்பு கொடுப்பார்கள், பிரசவம் பார்க்கப் போவார்கள். எங்கள் இடத்தில் அடைத்தால் பதினொரு வீட்டுக்கும் அடைத்ததுதான்.

“வேண்டாம்” என்றேன்.

“நீங்க அந்தக் கதவத் திறக்குறதே இல்லியே மதினி. ஆணி அடிச்சுல்ல கிடக்கு?”

“காத்து வரும்.”

“மூடின கதவு வழியாவா?”

இடுக்கு வழியாக வரும் என்றேன். ரிஸ்வானா சிரித்துவிட்டாள். சிரிக்க என்ன இருக்கிறது? வரத்தான் செய்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

சுண்ணாம்பு ஒன்பது மூட்டை இறங்கியது. ஒன்று நனைந்திருந்ததால் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆ முடிந்து அவங்க வீடியோவில் வந்தார்கள்.

“என்ன புள்ள, சதக்கு சொல்றான், நீ கதவ எடுக்க வுட மாட்டேங்கியாமே?”

“ஆமாம்.”

“அந்தக் கதவுக்கு ஆணி அடிச்சது யாரு? நீதானே? ஒன்பது வருஷமா எங்கிட்டே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னது யாரு? இப்ப என்ன திடீர்னு?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“வீடு என் பேர்ல இருக்கு. முடுக்கு யாரு பேர்லயும் இல்ல. எனக்கு உரிமை இல்லாத இடத்துல எம்மவளுக்குக் குளியலறை கட்டித் தர மாட்டேன். மறுமையில கேள்வி இருக்கு.”

சரி, தம்பியிடம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்கள். முப்பது வருடக் குடித்தனம். அவர்கள் தம்பியிடம் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எதிர் வீடு ராத்தாவுடையது. என் கூடப்பிறந்த அக்கா, செய்யிது நாச்சி. உம்மா இரண்டு பெண்களுக்கும் முதுகோடு முதுகாக இரண்டு வீடுகள் தந்தார்கள். அவள் பின்கதவுக்கும் என் பின்கதவுக்கும் நடுவில் நாலடி. இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 13, திங்கள்

கல்யாண அழைப்புப் பட்டியல் எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு வீடு. பெண்ணின் உம்மா நேரில் போய் அழைப்பதுதான் முறை. கார்டு மட்டும் போனால் யாரும் வர மாட்டார்கள்.

ரிஸ்வானா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “பெரியம்மா பேர் இல்லியே உம்மா?”

“பார்ப்போம்.”

“எதப் பார்ப்போம்? இன்னும் நாப்பத்தோரு நாளுதான் இருக்கு.”

என் வயிற்றில் பிறந்தவள். எண்ணி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 16, வியாழன்

பரணைக் காலி செய்தோம். கிடைத்தவை: கால் உடைந்த பெஞ்சு, வாப்பாவின் கொழும்புப் பெட்டி, பாய் ஆறு (நான்கு செல்லரித்தது), ஈயம் பூசிய செம்புச் சஹன் ஒன்று. சாக்கில் சுற்றியிருந்தது.

சஹனின் விளிம்பில் செ.நா. என்று வெட்டியிருக்கிறது. ராத்தாவின் சஹன். எங்கள் ஊரில் விருந்து என்றால் தனித்தனித் தட்டு கிடையாது. ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து தின்பதுதான். நானும் அவளும் வேறு யாரோடும் ஒரு சஹனில் உட்கார்ந்ததில்லை. உம்மா மவுத்தான நாற்பதாம் நாள் அதில் சோறு வைத்துக் கொண்டு வந்தாள். அன்று சண்டை. சஹன் திரும்பிப் போகவில்லை.

சாக்குக்குள் ஒரு நோட்டும் இருந்தது. ரிஸ்வானா திறந்து பார்த்தாள். பதறி மூடினாள். முத்தமிட்டாள், கண்ணில் ஒற்றினாள், ஓடிப் போய்க் கைகால் கழுவி ஒளுச் செய்து வந்து, கூடத்து மேல்தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

“உம்மா, பழைய கிதாபு. பெத்தும்மாவோடதா இருக்கும். தூசியில போட்டு வச்சிருந்தீங்களே, பாவமில்லியா?”

அது என் உம்மாவின் கிதாபு அல்ல, ஓதும் நூலே அல்ல. என் கணக்கு. அந்நாளில் நான் அரபுத்தமிழில்தான் எழுதுவேன். பேச்சு தமிழ், எழுத்து அரபு. பெண்கள் ஓதும் பள்ளியில் கற்றுத் தந்தது அதுதான். தமிழ் எழுத்தைக் கடை சாமான் கட்டி வந்த தாளிலிருந்து நானே கூட்டிக் கூட்டிப் பிடித்தேன். எழுதக் கை வந்து ஆறேழு வருடம்தான் ஆகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரபு எழுத்தைக் கண்டால் எல்லாம் ஓதும் எழுத்து.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நோட்டு இப்போது மேல்தட்டில் இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

புளி போட்டுச் சஹனைத் துலக்கினேன். துலக்கத்தான் செய்தேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மூன்று நாளாக நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். முடிந்துவிட்டது. சாமான் அறையும் மணப்பெண் அறையும் ஒரே சுவர். அந்தச் சுவரில் இரண்டரை அடி வழி வெட்டினால் எட்டுக்கு ஆறில் அருமையான குளியலறை. தண்ணீர் முருங்கைப் பக்கம் இறங்கும். மருதாணியின் வேரைத் தொடாது.

சாமான் அறை என்றுதான் பெயர். கிழக்குப் பார்த்த ஜன்னல் அங்கேதான். என் தொழுகைப் பாயும் இந்த நோட்டும் அங்கேதான் இருக்கின்றன. பரவாயில்லை, கூடத்தில் ஒரு மூலை போதும்.

இன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அறையை விட்டு வெளியே வந்து, தாளைப் பேச்சிமுத்து கையிலேயே கொடுத்தேன். முப்பது வருடத்தில் வெளி ஆணுக்கு எதிரே நின்று இவ்வளவு பேசியதில்லை. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு போட்டது யம்மா?”

“நான்தான்.”

“தண்ணி வாட்டம் எல்லாம் சரியால்லா இருக்கு. சதக்கு மொதலாளிக்கு இது தோணலியே.”

“அவருக்கு முடுக்கு தோணுது. எனக்குச் சாமான் ரூம் தோணுது.”

மனிதர் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். புதிதாகப் பூசிய சுவரில் ஒரு துளி. மறுபடி பூச வைத்தேன்.

ஜனவரி 22, புதன்

சதக்குக்குத் திட்டம் பிடிக்கவில்லை. சாமான் அறை இருட்டாம். நாலு பேர் சிரிப்பார்களாம். “பொம்பளைங்க கோடு போட்டு வீடு கட்டினா இப்படித்தான்” என்றார். அவர் சாப்பிட்டுப் போன பிறகு பார்த்தேன், ஒரு பருக்கை மிச்சமில்லை. பொம்பளை ஆக்கிய சோறு மட்டும் இறங்குகிறது.

ஜனவரி 25, சனி

பேச்சிமுத்து காலையிலேயே முகம் நிறையச் செய்தியோடு வந்தார். நேற்று சதக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போயிருக்கிறார். முடுக்கை அடைக்க அவள் சம்மதம் வேண்டுமே.

“அவ்வொ கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டே கேட்டாவ யம்மா. ரெண்டடி உங்களுக்குன்னாரு மொதலாளி. அவ்வொ என்ன சொன்னாவ தெரியுமா?”

“எனக்கெதுக்கு அது?”

“சரி, அப்ப வேண்டாம்.”

அவர் சாந்து குழைக்கப் போய்விட்டார். நான் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். ஏழாவது வாளியில் நானே கேட்டேன்.

“என்ன சொன்னாளாம்?”

“‘அவ அடிச்ச ஆணி, அவ பாடு. முடுக்குல ஒரு செங்கல் வச்சீங்க, நான் வெளிய வந்து உக்காந்துருவேன்’னாவ. மொதலாளி மூஞ்சி செத்துப் போச்சு.”

திமிர் பிடித்தவள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மத்தியானம் பேச்சிமுத்துவுக்கு இரண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன்.

ஜனவரி 29, புதன்

கூடத்துக்குக் கடல் பச்சை அடித்தாயிற்று. பழைய பூச்சைச் சுரண்டும்போது அடியில் அதே நிறம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கலக்கச் சொன்னேன். மணப்பெண் அறையில் கதவுக்கு மேல் உடைந்திருந்த இரண்டு கண்ணாடிக்கும் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று.

ரிஸ்வானா துணி எடுக்கத் தூத்துக்குடி போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. மேல்தட்டிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன்.

எழுதித்தான் ஆக வேண்டும்.

உம்மா படுக்கையில் கிடந்தது ஆறு மாதம், இந்த வீட்டில். யார் இரவில் கண்விழித்தார்கள் என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கோடு போட்டு வைத்தேன். நான் நூற்று அறுபத்தொன்று. ராத்தா இருபத்து மூன்று. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் யாரோ ஒருத்தி, உம்மாவை நாச்சிதான் தாங்கு தாங்கு என்று தாங்கினாள் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கூடம் நிறையப் பெண்கள் இருக்க, நோட்டை எடுத்து வந்து வாசித்தேன். நூற்று அறுபத்தொன்று, இருபத்து மூன்று. ராத்தா சஹனை என் முன் வைத்தாள். “இனி உன் கணக்குல நான் வர வேண்டாம்” என்றாள். முடுக்கு வழியே போய்விட்டாள். அன்று சாயங்காலம் மூன்று ஆணி அடித்தேன்.

இன்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். இரவுக் கோடு எல்லாம் சரியாக இருக்கிறது. ஓரங்களில் வேறு சில இருக்கின்றன, என் கையாலேயே எழுதியவை. “நாச்சி கஞ்சி கொண்டு வந்தாள்.” “நாச்சி உம்மாவைக் குளிப்பாட்டினாள், நான் தூங்கினேன்.” “நாச்சி துணி எல்லாம் எடுத்துப் போனாள்.” ஒவ்வொரு நாளும் இருக்கிறது. அவள் பகலில் வந்ததால்தான் நான் பகலில் தூங்கினேன். பகலில் தூங்கியதால்தான் இரவில் விழிக்க முடிந்தது.

பகலுக்கு நான் கோடு போடவில்லை.

கணக்கில் தப்பு விடாதவள் என்று எனக்கு ஊரில் பெயர்.

ஜனவரி 30, வியாழன்

மருதாணிக்கு எரு வைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் தைக்காவில் யாசீன் ஓதல். பெரிய தெரு வழியாகத்தான் போய் வந்தேன். திரும்பினால் பின்முற்றத்தில் செங்கல் அடுக்கியிருக்கிறது. புது ஆள் இரண்டு பேர் கதவு நிலைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறார்கள். பேச்சிமுத்து தள்ளிப் போய்த் தலை குனிந்து நிற்கிறார். சதக்கு போனில் இருக்கிறார், போனுக்குள் அவர் காக்கா, அவங்கதான்.

“மதினி, காக்கா சொல்லிட்டாங்க. எதிர் வீட்டுப் பக்கம் தொட மாட்டோம். நம்ம பக்கம் ரெண்டடி மட்டும்தான். கதவ மட்டும் எடுத்துட்டு…”

ரெண்டடி போனால் மிச்சம் ரெண்டடி. கம்பு ஊன்றி நடக்கிறவர்கள் எப்படிப் போவார்கள்? உள்ளே போனேன். சுளகை எடுத்தேன். கல்யாண அரிசியில் ஒரு படியைக் கொட்டினேன். கடப்பாரைக்கு முன்னால் கதவுப் படியில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு புடைக்கத் தொடங்கினேன்.

“மதினி, எழும்புங்க.”

“அரிசி புடைச்சிட்டு எழும்புறேன்.”

“எவ்வளவு இருக்கு?”

“நாலு மூட்டை.”

பேச்சிமுத்து தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறினார். “ஏய், கம்பிய எடுங்கல. நாலு மூட்டை முடிய நாலு நாளாகும். வாங்க, டீ குடிப்போம்.” புது ஆட்களும் போய்விட்டார்கள்.

போனுக்குள்ளிருந்து அவங்க குரல். “புள்ள, நீ என்ன பண்ணிக்கிட்டிருக்கே தெரியுமா?”

“தெரியும். கல் பொறுக்கிக்கிட்டிருக்கேன். நீங்க இருபத்தொண்ணாம் தேதி வரும்போது கதவு இருக்கும். உங்களுக்கு மனசிருந்தா வந்து பாருங்க.”

சதக்கு போனை அணைத்தார். செங்கல் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தார். நான் எழும்புவேன் என்று காத்திருந்தார். நான் புடைத்தேன்.

அரை மணி ஆகியிருக்கும். முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், முடுக்கில், ஒரு சத்தம். சர், சர், தட். சர், சர், தட். இன்னொரு சுளகு. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. நான் புடைத்தால் அதுவும் புடைத்தது. உம்மா புடைக்கிற தாளம். எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது கைவரும்.

சதக்கும் கேட்டுவிட்டார். எழுந்தார், வேட்டியை உதறினார், போய்விட்டார்.

பிறகு கதவு இடுக்கு வழியாகக் குரல் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

“கல்லு நிறைய இருக்கும்போலிருக்கே. எந்தக் கடை அரிசி?”

“கல்யாண அரிசி.”

“யாரு கல்யாணம்? இந்த வீட்டுக்கு யாரும் அழைக்க வரலியே.”

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தேன். புடைத்த தவிட்டுத் தூசி.

“ராத்தா, நோட்டைப் பார்த்தேன்.”

“எந்த நோட்டு?”

“உம்மா நோட்டு. நூத்தி எண்பத்து நாலு பகல். உன் பேர்ல. நான் எழுதல.”

அந்தப் பக்கம் சுளகு நின்றது. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

“பகல்னு எழுதாத” என்றாள். “சாயந்தரம் அஸர் வந்ததும் நான் போயிடுவேன். முக்காப் பகல்னு எழுது. கணக்குன்னா கணக்கா இருக்கணும்.”

“சரி.”

“சரின்னு சொல்லி அங்கேயே உக்காந்திருக்கியே. அழைக்க வர்றவ இந்த வாசல் வழியா வரணும்.”

பிப்ரவரி 5, புதன்

ஆணி மூன்று. ஆறு அங்குலம். இரண்டை நானே பிடுங்கினேன். மூன்றாவது துருவேறி மரத்தோடு ஒட்டிக்கொண்டது. பேச்சிமுத்து வந்தார். “நீங்க தள்ளி நில்லுங்க, நான் பிடுங்குறேன்” என்றேன். கதவு முனகித் திறந்தது.

என் படி சுத்தமாக இருந்தது. ஒன்பது வருடம் நான் மிதிக்காத கல். ஒரு சருகில்லை, பாசியில்லை. ராத்தா அவள் கதவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். தலை நரைத்துவிட்டது. நான் படியைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

“முடுக்கப் பெருக்குறவ உன் படிய மட்டும் விட்டுட்டா பெருக்குவா? பாக்க அசிங்கமா இருக்கும்.”

“நான் ஒண்ணும் கேக்கலியே.”

“கேட்டுடாத.”

சஹனை நீட்டினேன். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்று உம்மா சொல்வார்கள். நெய்ச்சோறும் பருப்பும் கத்தரிக்காயும் வைத்திருந்தேன். ரிஸ்வானாவின் நிக்காஹ் என்று முறையாகச் சொல்லி அழைத்தேன். அவள் சஹனை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போவாள் என்று நினைத்தேன். முடுக்கிலேயே, இரண்டு படிக்கும் நடுவில் கீழே வைத்தாள்.

“உக்காரு. ஆறிப் போகும்.”

தைக்காவுக்குப் போனவர்கள் எங்களைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லப் போகிற அவசரம்.

நடுவில் ரிஸ்வானா வந்து மூச்சு வாங்க நின்றாள். “உம்மா, அந்தக் கிதாப எங்க? மேல்தட்டுல காணோமே!”

ராத்தா என்னைப் பார்த்தாள். எதைச் சொல்கிறாள் என்று புரிந்துவிட்டது. புரை ஏறும் வரை சிரித்தாள். “உன் கணக்க இவ முத்திக் கண்ணுல ஒத்தி வச்சிருந்தாளா?” என்று கேட்டு மறுபடி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கத்தரிக்காய்க்கு உப்புக் குறைவு என்றும் சொன்னாள்.

பிப்ரவரி 12, புதன்

குளியலறை முடிந்தது. இருட்டு இல்லை. கிழக்கு ஜன்னலை எடுக்கவில்லை, உயர்த்தி வைத்தோம். மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்த்து, யார் இன்ஜினியர் என்று கேட்டார்கள். சதக்கு வாயைத் திறக்கும் முன் பேச்சிமுத்து முற்றத்திலிருந்து, “இந்தா நிக்காவல்லா” என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

அவங்க வந்தார்கள். பெட்டியை வைத்துவிட்டு நேரே பின்முற்றத்துக்குப் போனார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள். கடல் பச்சை நன்றாக இருக்கிறது என்றார்கள். அதோடு சரி.

பிப்ரவரி 23, ஞாயிறு

சுப்ஹுத் தொழுகையிலிருந்து ஆள் வரத்து. முன்வாசலில் பந்தல், தோரணம், மின்விளக்கு எல்லாம். ஆனால் பெண்கள் அத்தனை பேரும் முடுக்கு வழியாகத்தான் வந்தார்கள். ரிஸ்வானாவின் கையில் எங்கள் மருதாணி. ராத்தாதான் அரைத்தாள்.

தச்சர் காலையில் வந்து, கதவு முழுதாகச் சேரவில்லை, ஒரு விரல் இடைவெளி நிற்கிறது, இரண்டு இழைப்பு இழைத்தால் நச்சென்று மூடும் என்றார்.

வேண்டாம் என்றேன்.

“தொறந்து கெடந்தா சரியா இருக்காதே” என்றார் தச்சர்.

எனக்கு முன்னால் அவங்க பதில் சொன்னார்கள். “விட்ருங்க. காத்து வரும்.”